சின்னம்மாவின் பயங்கள்

என் சின்னம்மாவுக்குப் பயம் என்பது சோறாக்குவது, துணி துவைப்பது போல அன்றாட வேலைகளில் ஒன்று. அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. மற்ற எல்லா வேலைகளுக்கும் நடுவில் அவள் பயந்துகொண்டே இருப்பாள். இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம், கண்டாக்கு ஐயாவின் நாய்க்குப் பயம். நாய் உடன் வராத நாட்களில், மலையில் வேலையை மேற்பார்க்க வரும் அந்தக் கண்டாக்கு ஐயாவுக்கே பயம். ஒருதரம் நானுஓயாவில் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் போனோம். அட்டன் தாண்டிச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் சின்னம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் வந்து பார்த்தால் அது ஒரு பொலிஸ்காரரின் கை. அவர் பாவம், சிரிக்கவும் முடியாமல் கையை உருவவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஸ்டேசன் வரை சின்னம்மா பொலிஸுக்கும் பயந்துகொண்டு வந்தாள்.

எங்கள் தோட்டம் வட்டவளைக்கும் றொசல்லைக்கும் நடுவில், ரயில் பாதைக்கு மேலே இருந்தது. அம்மா தேயிலை பெக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை செய்தாள். அப்பா கொழும்பில் ஒரு புடவைக் கடையில் இருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், வரும்போது கடையில் விலைபோகாத நிறங்களில் எங்களுக்குத் துணி கொண்டுவருவார். சின்னம்மா அம்மாவுக்கு ஒரே தங்கை. தாத்தா இறந்த பிறகு எங்கள் காம்பராவிலேயே தங்கிவிட்டாள். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு என்றால் ஒரே அறையான ஒரு காம்பராவும் அதற்கு முன்னால் ஒரு துண்டு வாசலும்தான். அதற்குள் நாங்கள் மூன்று பேரும், சின்னம்மாவின் பயங்களும் எப்படியோ அடங்கி வாழ்ந்தோம்.

இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு அவள் மலையில் கொழுந்து எடுக்கும் வேலை செய்தாள் என்பதுதான் வேடிக்கை. காலையில் மலைக்குப் போகும்முன் அட்டை ஏறாமல் இருக்கச் சவர்க்காரத்தையும் உப்பையும் குழைத்து முழங்கால் வரை பூசிக்கொள்வாள். பனியில் நனையாமலும் செடி கீறாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த படங்கை, மற்றவர்கள் ஒரு சுற்றுச் சுற்றினால் அவள் இரண்டு சுற்றுச் சுற்றுவாள். தேயிலைச் செடிகளுக்கு இடையே ஆளுக்கு ஒரு நெற பிரித்துக் கொடுக்கும்போது, எப்படியாவது ரோட்டுக்குப் பக்கத்து நெறயைக் கேட்டு வாங்கிவிடுவாள். ரோட்டோர நெறயில் கொழுந்து குறைவு. ஆனால் பாம்போ பன்றியோ எது வந்தாலும் நாலு எட்டில் ரோட்டுக்கு ஏறிவிடலாம் அல்லவா.

இதைப் பார்த்து அதிகமாகச் சிரித்தவர் மூணாங்காம்பரா அத்தை. மூன்றாவது காம்பராவில் இருந்ததால் அந்தப் பெயர். மற்றபடி எங்களுக்குச் சொந்தம் ஒன்றும் இல்லை. பருத்த உடம்பு, வலிக்கிற முழங்கால்கள், லயத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல். சின்னம்மாவைப் பார்த்தால், "வந்துட்டாடி பயந்தாங்கொள்ளி, எல்லாரும் வழிய விடுங்க, இவ நெழல பாத்தே ஓடுவா" என்பார். கேட்டுக்கொண்டிருந்த சின்னம்மா ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், குடத்துக்குள் ஒரு தவளையைக் கண்டு அலறிக் குடத்தைத் தட்டிவிட்டாள். அது அத்தையின் குடம். உருண்டு போய் நெளிந்துவிட்டது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நின்றது என்றால், நேராகப் பேசுவது நின்றது. அத்தை என்னைக் கூப்பிட்டு, "உங்க சின்னம்மாகிட்ட சொல்லு, கொடியில துணி காயுது, மழ வருது" என்பார். சின்னம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு என்னிடம், "சரின்னு சொல்லு" என்பாள். இரண்டு அடி தூரத்தில் நிற்பவர்களுக்கு நடுவில் நான் தபால்காரி போல நின்றேன். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

நான் நாலாம் வகுப்புப் படித்த அந்த வருடம், ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சின்னம்மாவுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோவது என் வேலை. அன்றைக்கு அவர்கள் ஓடைமலையில் கொழுந்து எடுத்தார்கள். மலையின் அடியில் ஓடை ஓடும். ஓடைக்கரையில் உயரமான சவுக்கு மரங்கள். மலையின் தலையில் ரோடு. ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம்: தகரக் கூரை, பாதி உயரத்துக்குத் தகரச் சுவர், ஒரு கதவு. நான் மடுவத்துப் படியில் உட்கார்ந்து, தேத்தண்ணிப் போத்தலைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. கீழே ஒரு லொறி மேடு ஏற முடியாமல் முக்குவது போல ஒரு சத்தம். லொறி வர அங்கே ரோடு இல்லையே என்று நான் யோசித்தேன். பருந்து ஒன்று சவுக்கு மரத்துக் கூட்டைக் கொத்திவிட்டுப் பறந்தது என்று பிறகு கங்காணி சொன்னார். அந்த நேரத்தில் அவர் சொன்னது ஒரே வார்த்தை.

"குளவி. ஓடுங்க, குளவி."

கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் மேலே ஓடி வந்தார்கள். ரோட்டோர நெறயில் நின்ற சின்னம்மா எல்லோருக்கும் முதலில் வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில் என்னை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குள் பாய்ந்தாள். போத்தல் உடைந்து காலெல்லாம் தேத்தண்ணி. பின்னாலேயே மற்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். கங்காணி கதவைச் சாத்தினார். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த திறப்பில் பெண்கள் கொழுந்துச் சாக்குகளைத் தூக்கிப் பிடித்தார்கள். உள்ளே வந்துவிட்ட குளவிகளைச் சிலர் செருப்பால் அடித்தார்கள். ஒருத்திக்கு உதடு, ஒருத்திக்குக் கழுத்து என்று வீங்கிக்கொண்டிருந்தது. சின்னம்மா ஒரு மூலையில் என்னை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் காதைப் பொத்தியதால் என்னைப் பிடிக்கக் கை இல்லை. முழங்கால்களாலேயே என்னை நெருக்கிப் பிடித்திருந்தாள்.

"மூணாங்காம்பரா அக்கா எங்கடி?" என்று யாரோ கேட்டார்கள்.

ஒரு பெண் சாக்கை விலக்கிப் பார்த்தாள். "அய்யோ, கீழ விழுந்து கெடக்காங்க. கூட கவுந்து கெடக்கு."

ஓடைப் பக்கத்து நெறயில்தான் கொழுந்து அதிகம். முழங்கால் வலியோடு அத்தை தினமும் அங்கேதான் இறங்குவார். ஏறி ஓடி வர அந்தக் காலால் முடியவில்லை.

"யாரும் வெளிய போகக் கூடாது" என்றார் கங்காணி. "பெக்டரிக்குப் போன் போட்டுட்டேன். பந்தம் எடுத்துக்கிட்டு ஆளுக வர்றாங்க. இப்ப போனா போறவங்களும் சேந்து விழணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பக்கத்துத் தோட்டத்தில் குளவி கொட்டி ஒரு பெண் இறந்து போயிருந்தாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியே அத்தையின் குரல் கேட்டது. லயத்தின் கோடி வரை கேட்கும் அந்தக் குரல் அன்றைக்கு மெலிந்து, யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், வெறுமனே ஒலித்தது.

"சின்னம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றேன் நான்.

"ம்" என்றாள்.

என்னை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்த படங்கை அவிழ்த்தாள். அவள் விரல்களுக்கு முடிச்சு அகப்படவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அதைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். கீழே கிடந்த சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டாள். "கண்ண மூடிக்க. வாய மூடிக்க. இங்கயே இரு" என்று என்னிடம் சொன்னாள். கதவருகே நின்றிருந்த கங்காணி, வீட்டுக்கு ஓடப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார். கையை நீட்டித் தடுத்தார். அவள் அந்தக் கைக்கு அடியில் குனிந்து வெளியே போய்விட்டாள்.

நான் கண்ணை மூடவில்லை. தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. சின்னம்மா ரோட்டைத் தாண்டினாள். வீட்டுக்குப் போகும் பாதை மேலே போகிறது. அவளோ கீழே இறங்கினாள். அடடா, பயத்தில் சின்னம்மாவுக்கு வழி தெரியாமல் போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

அவள் வாய் விட்டு அழுதுகொண்டே போனாள். "அம்மா, அம்மா" என்று சின்னப்பிள்ளை அழுவது போல. பாதி தூரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் திடீரென்று குந்திவிட்டாள். படங்குக்கு மேலே குளவிகள் கறுப்பாக மொய்த்தன. "திரும்பி வா புள்ள" என்று கங்காணி கத்தினார். மடுவத்துக்குள் எல்லோரும், "வந்துரும்மா, வந்துரு" என்றார்கள். கொஞ்ச நேரம் அப்படியே குந்தி இருந்தாள். வரப்போகிறாள் என்று நான் நிம்மதியானேன். அவள் எழுந்தாள். மறுபடியும் அதே பக்கம், அதே அழுகையோடு இறங்கினாள்.

அத்தையின் மேல் போய் விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சாக்கை அத்தையின் தலைக்கு மூடி, படங்கை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தி, அத்தையின் பருத்த உடம்பின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். படங்கு இரண்டு பேருக்குப் போதாது. அவளுடைய கால்களும் ஒரு பக்கத்துத் தோளும் வெளியே தெரிந்தன. அதற்குப் பிறகு அங்கே ஒன்றும் அசையவில்லை.

பெக்டரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காய்ந்த மானாப் புல்லில் பச்சை இலையைச் சுற்றிப் பந்தம் கட்டி, புகை போட்டுக்கொண்டே இறங்கி, இரண்டு பேரையும் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். கொழுந்து ஏற்றும் லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். புருவமெல்லாம் தேயிலைத் தூளோடு அம்மா ஓடி வந்தாள். லொறியில் ஏறும்போது அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மா என்னைப் பார்க்காமல் போனது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அடுத்த நாள் முழுவதும் லயத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கோயிலில் யாரோ விளக்குப் போட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து எனக்குச் சோறு வந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால்தான்.

சின்னம்மா கண் திறந்துவிட்டாள் என்று செய்தி வந்த பிறகு அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கட்டிலில் இருந்த முகத்தைப் பார்த்து நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. உதடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீக்கம். "என்னா, என்னயப் பாத்துப் பயமா இருக்கா?" என்று அந்த முகத்துக்குள்ளிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. தன்னைப் பார்த்து இன்னொருவர் பயப்படுவது அவளுக்குப் புதுசு. அதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது போலத் தோன்றியது.

பக்கத்துக் கட்டிலில் மூணாங்காம்பரா அத்தை. அவருக்கு முகம் அவ்வளவு வீங்கவில்லை. காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் முறையிடத் தொடங்கினார்.

"உன் தங்கச்சி என் மேல வந்து விழுந்தா பாரு, குளவி கொட்டினதுகூட வலிக்கல, இடுப்புதான் ஒடிஞ்சு போச்சு. மூச்சு விட முடியல. காதுக்குள்ள ஒப்பாரி வேற. எனக்காக அழுவுறாளா அவளுக்காக அழுவுறாளான்னே தெரியல."

"நான் எனக்குத்தான் அழுதேன்னு சொல்லு" என்றாள் சின்னம்மா என்னிடம்.

நான் அத்தையிடம் திரும்பி, "சின்னம்மா அவங்களுக்குத்தான் அழுதாங்களாம்" என்றேன்.

அத்தை மெதுவாகக் கட்டிலை விட்டு இறங்கி, நொண்டி நொண்டி வந்து, அம்மா கொண்டுபோயிருந்த கஞ்சியை எடுத்துக்கொண்டு சின்னம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தார். வீங்கிய உதட்டுக்குள் கரண்டியை எப்படி நுழைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பாதிக் கஞ்சி தாடையில் வழிந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்தார். "வாயத் தொற" என்றார். நேராக, என் உதவி இல்லாமல், அவளைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வேலை போய்விட்டது என்று அப்போதே புரிந்தது.

ஊசி போட வந்த சிங்கள நேர்ஸ், "பய வெண்ட எபா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். சின்னம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "மட்ட ஹரி பயய், மிஸ்" என்றாள். தனக்கு ரொம்பப் பயம் என்று உண்மையைத்தான் சொன்னாள். நேர்ஸ் சிரித்தார். அத்தை அதற்குள் வார்டு முழுவதற்கும் கதையைச் சொல்லிவிட்டதால், சின்னம்மாவின் பயத்தை அங்கே யாரும் நம்பத் தயாராக இல்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த சின்னம்மா முன்னைவிட அதிகமாகப் பயந்தாள். ஈ பறந்தால் எழுந்து நின்றாள். தூரத்து ரோட்டில் திரீவீலர் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினாள். கூடை கொல்லைப்புறத்தில் கவிழ்ந்தே கிடந்தது. லயத்தில் எல்லோரும் அவளைத் தைரியசாலி என்றார்கள். "எப்படிம்மா போன?" என்று கேட்டவர்களிடம், "பயத்துல வழி தெரியாம கீழ ஓடிட்டேன்" என்றாள். நான் நினைத்ததையே அவளும் சொன்னதால் எனக்குத் திருப்தி. நானும் அதைப் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொன்னேன்.

அப்பா கொழும்பிலிருந்து போனில் பேசினார். ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை இருக்கிறது, நல்ல ஆட்கள், அனுப்பி வை என்றார். அம்மாவுக்கு மனமில்லை. சின்னம்மா சரி என்றுவிட்டாள். அவளுக்குக் கொழும்புக்கும் பயம்தான். ஆனால் கொழும்பில் சவுக்கு மரம் இல்லை. ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள். தோட்டத்தில் தன் பேரை வெட்டிவிடச் சொல்லி, எல்லோரிடமும் விடைபெற்று வரலாம் என்று ஒரு காலையில் பெரட்டுக்குப் போனாள். ஆட்களைக் கூட்டி அன்றன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம் அது. பள்ளிக்கூடம் போகும் வழிதான் என்பதால் நானும் கூடவே போனேன்.

நாங்கள் போய் நின்றபோது கண்டாக்கு ஐயா அன்றைய வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஓடைமலை. கொழுந்து முத்திப் போய்க் கெடக்கு. எல்லாரும் அங்கதான்." பக்கத்தில் ஜீப்பில் சாய்ந்துகொண்டு, தோட்டத்தை நிர்வகிக்கும் துரை நின்றார். புதிதாக வந்தவர், வயது குறைந்தவர், சிங்களவர். தமிழைத் தேடித் தேடிப் பேசுவார்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போகவில்லை என்றால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். கூடைக் கயிறுகளைத் தலையில் சரிசெய்துகொண்டு மெல்லத் திரும்பினார்கள்.

"அய்யா" என்றாள் சின்னம்மா. "அங்க இன்னும் கூடு இருக்குங்க."

கண்டாக்கு ஐயா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரிடம் பேசி அவர் கேட்டதே இல்லை. "அதெல்லாம் பொகை போட்டு வெரட்டியாச்சு."

"ஒரு கூட்டத்தான் வெரட்டுனாங்க. ஓடைக்கு அந்தப் பக்கத்து மரத்துல ரெண்டு தொங்குது. அன்னைக்கி எறங்குறப்ப பாத்தேங்க. அதப் பாத்துத்தான் கானுக்குள்ள குந்திட்டேன்."

துரை பேசினார். "பயம் வேண்டாம். ஒண்ணும் ஆகாது."

சின்னம்மாவின் ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்காமல் இருந்தது. அந்த முகத்தோடு அவரைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குப் பயம்தாங்க அய்யா. எப்பவுமே பயம்தான், இவங்க எல்லாருக்கும் தெரியும். பயமில்லாத ஆளு யாராவது இருந்தா மொதல்ல அவங்க எறங்கட்டும். பின்னால நான் எறங்குறேன்."

துரை கண்டாக்கு ஐயாவைப் பார்த்தார். கண்டாக்கு ஐயா கங்காணியைப் பார்த்தார். கங்காணி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கும் பயம்தான்." மூணாங்காம்பரா அத்தை. வேலைக்கு வர முடியாத காலோடு, வேடிக்கை பார்க்கக் கம்பு ஊன்றி வந்திருந்தார். "எனக்கும் பயமா இருக்குங்க அய்யா" என்றாள் அன்றைக்கு மடுவத்தில் உதடு வீங்கியவள். "எனக்கும்தான்" என்றாள் இன்னொருத்தி. அப்புறம் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது போல, ஒவ்வொரு பெண்ணும் தனக்குப் பயம் என்று துரையிடம் சொன்னாள். கடைசியில் கங்காணியும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயம்தான் அய்யா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

துரை கண்டாக்கு ஐயாவிடம் சிங்களத்தில் என்னவோ சொன்னார். பிறகு சின்னம்மாவிடம், "காட்டுங்க" என்றார். அவர்கள் மூன்று பேரும் கங்காணியும் ரோட்டு வழியே நடந்துபோய் அங்கிருந்து கீழே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் வேறு மலை கொடுத்தார்கள்.

கூடுகளை எடுக்க உடனே யாரும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் பெரட்டில் கூடு எடுத்தாச்சா என்ற கேள்வி கேட்கப்பட வேண்டியிருந்தது. கேட்பது யார் என்று பார்த்தால், எல்லோரும் சின்னம்மாவைப் பார்த்தார்கள். அவள் தினமும் போய்ப் பயந்துகொண்டே கேட்டாள். அதனால் அவளுடைய கொழும்புப் பயணம் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது. ஒருநாள் தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்ட ஆட்கள் வந்து, மரம் ஏறி, கூடுகளை எடுத்தார்கள். ஓடைமலையில் மட்டும். மற்ற மலைகளில் மரங்கள் இருந்தன, மரங்களில் கூடுகள் இருந்தன. இன்றைக்கும் எங்கள் பக்கத்திலிருந்து போன் வந்தால், குளவி யாரையாவது கொட்டியதா என்று கேட்காமல் நான் வைப்பதில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் லயத்தில் யாரோ பால் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஒரு திருவிழா முடிந்தது போல இருந்தது. பையிலிருந்த துணிகளை அம்மா எடுத்துப் பழையபடி கொடியில் போட்டாள். சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் திரும்பவும் ஓடைமலைக்கு வேலைக்குப் போன முதல் நாள் காலையில், காலுக்கு உப்புப் பூசிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டாள்.

"பள்ளிக்கூடம் போறப்ப மலைக்கு மேல ரோட்டுலதான போற? அந்த வளைவுல நின்னு என்னயக் கூப்புடு. நான் பதில் குடுப்பேன். அப்பறம் போ."

"எதுக்கு?"

"சும்மாதான். நீ போயிட்டியான்னு எனக்குத் தெரியணும்ல."

வளைவில் கண்டாக்கு ஐயாவின் நாய் படுத்திருக்கும். அதற்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அன்று நாயைச் சுற்றிப் போய், வளைவில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டேன். "சின்னம்மோய்." பனி அப்பியிருந்தது. கீழே செடிகளும் தெரியவில்லை, ஆட்களும் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து, பனிக்குள்ளிருந்து, "ஓய்" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு ஓடைமலையில் அவர்களுக்கு வேலை இருந்த ஒவ்வொரு காலையும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டாலும், மழை பெய்தாலும், வளைவில் நின்று கூப்பிட்டுவிட்டுத்தான் போவேன். அந்த "ஓய்" வர ஒருநாள் நேரமாகும், ஒருநாள் உடனே வரும். மாதங்கள் போகப் போக உடனே வரும் நாட்கள் அதிகமாயின. சின்னம்மா இப்போது நோர்வூட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். சுரங்கத்துக்குள் ரயில் போனால் இப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறாள். அவளுடைய கல்யாணத்தன்று, பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூணாங்காம்பரா அத்தைதான் சொன்னார்: "உன் சத்தம் வர்ற வரைக்கும் ஒரு கொழுந்து கிள்ள மாட்டா. செடியப் புடிச்சிக்கிட்டு மேலயே பாத்துக்கிட்டு நிப்பா. நீ கூப்புட்ட பொறவுதான் அவளுக்குக் கை ஓடும்."

நாலாம் வகுப்பில் எனக்கு அது தெரியாது. கூட வரும் பிள்ளைகள், "எதுக்குடி தினமும் கத்துற?" என்று கேட்பார்கள். "எங்க சின்னம்மாவுக்கு நான் இல்லேன்னா கவல. நான் பத்தரமா போறேனான்னு பாக்குறாங்க" என்று நான் பெருமையாகச் சொல்வேன். என்னை இவ்வளவு கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும்போது எனக்கென்ன பயம் என்று, நாயைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், புத்தகப் பை முதுகில் அடிக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன்.